சட்டத்தை நம்பிய டன்குவா

(சட்டத்தரணிகளும் கமக்காரரும் கூடியிருந்த சபையொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டின் பெயரைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுபவர் குவாமே நிக்ருமா. அதில் வியப்பில்லை. 1957 மார்ச் 6-ம் திகதி அந்நாடு சுதந்திரம் பெற்றபோது பிரதம மந்திரியாக நின்றவர் அவரே. ஆனால் அந்த நிக்ருமாவை இலண்டனிலிருந்து அழைப்பித்து அரசியல் மேடையில் ஏற்றியவர்களுள் முதன்மையான ஒருவர் இருந்தார். அந்நாட்டுக்குக் 'கானா' என்ற பெயர் வேண்டுமென்று பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் வந்தவரும் அவரே. 1965 பெப்ரவரி 4-ம் திகதி, எந்த நீதிமன்றத்தின் விசாரணையும் இன்றி அடைக்கப்பட்டிருந்த சிறையிலே அவர் உயிர் நீத்தார். அச்சிறை வெள்ளைக்காரத் துரைத்தனத்தின் சிறையன்று. நிக்ருமாவின் அரசாங்கத்துச் சிறை. அவர் பெயர் கலாநிதி ஜே. பி. டன்குவா.

இந்தச் சபையிலே சட்டம் கற்றவர்களும் இருக்கிறீர்கள்; மண்ணைக் கொத்தி வாழ்பவர்களும் இருக்கிறீர்கள். டன்குவாவின் கதையில் இரு சாராருக்கும் பங்குண்டு. அவர் கையிலெடுத்த பெரிய வழக்குகள் இரண்டு. ஒன்று கொக்கோப் பயிரிட்டோரின் வழக்கு. மற்றது காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டோரின் வழக்கு. முன்னதிலிருந்தே பின்னது கிளைத்தது. அது எவ்வாறென்பதை இன்று சொல்ல விரும்புகின்றேன்.

முரசறைந்தவரின் மைந்தன்

அக்காலத்தில் அந்நாட்டுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'கோல்ட் கோஸ்ட்', அதாவது பொற்கரை. அங்கே குவாகு என்னும் மலைநாட்டில் பெப்பொங் என்ற ஊரில் 1895 டிசம்பரில் டன்குவா பிறந்தார். தந்தையார் அரச சபையில் முரசறைவோராக இருந்து பின்னர் கிறிஸ்தவராகிப் பாசல் மிஷனின் உபதேசியாரானவர். அக்கியெம் அபுவாக்குவா என்னும் இராச்சியத்தின் அரசர் நானா ஒபோரி அட்டா, டன்குவாவின் தந்தைவழி மூத்த சகோதரர். ஆகவே இளைஞர் டன்குவா மிஷன் பாடசாலையின் படிப்பையும் அரண்மனையின் வழக்காறுகளையும் ஒருங்கே கண்டு வளர்ந்தார்.

படிப்பு முடிந்ததும் அக்ரா நகரத்தில் ஒரு பாரிஸ்டரிடம் இலிகிதராகச் சேர்ந்தார். பின்னர் உயர் நீதிமன்றத்தில் இலிகிதர் வேலை. 1915-ல் தமையனாரின் மன்றத்துக்குச் செயலாளர். 1921-ல் தமையனாரே அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். இலண்டன் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார் என்பதை இங்குள்ள மாணவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். மூன்றாம் முறை தேறிய அதே மனிதர் தத்துவ சாஸ்திரத்தில் பரிசு பெற்றார், 1926-ல் பாரிஸ்டரானார், 1927-ல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் தத்துவத்தில் அப்பட்டம் பெற்ற முதல் மேற்கு ஆபிரிக்கர் அவரே என்பர்.

ஊர் திரும்பிய மறு ஆண்டு, 1928-ல், அக்கான் மக்களின் சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எழுதப்படாத சட்டம் சட்டமல்ல என்று எண்ணிய துரைமாருக்கு அது ஒரு மறுமொழி. 1931-ல் ஒரு தினசரிப் பத்திரிகையும் தொடங்கினார். அது சில ஆண்டுகளே வாழ்ந்தது. 1934-ல் இராசத்துரோகச் சட்ட மசோதாவையும் தண்ணீர் வரி மசோதாவையும் எதிர்த்து இலண்டன் சென்ற தூதுக்குழுவிலே, தமையனார் தலைமையில் இவரும் போனார். மசோதாக்களைத் தடுக்க இயலவில்லை. டன்குவா மட்டும் 1936 வரை அங்கேயே தங்கி, பிரித்தானிய நூதனசாலையின் புத்தகக் குவியலில் தம் மக்களின் பழைய சரித்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பண்டைய கானாப் பேரரசின் வழிவந்தவர்களே அக்கான் மக்கள் என்ற அவருடைய கொள்கையைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. இருந்தும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கொக்கோவை விற்க மறுத்தவர்கள்

இனி, கமக்காரர் பக்கம் வருவோம். அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைந்த நாடு பொற்கரை. அதனை விளைவித்தவர்கள் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் அல்லர். குடும்பக் காணியில் சிறிது சிறிதாக மரம் வைத்த ஆபிரிக்கக் குடியானவர்கள். மரம் அவர்களுடையது, விலை மட்டும் அவர்களுடையதன்று. கொள்வனவு முழுவதும் சில ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. அவற்றுள் பெரியது யுனைட்டட் ஆபிரிக்கா கம்பெனி. 1937-ல் இக்கம்பெனிகள், ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றாமலிருக்க, தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே வாயாகப் பேசினால் விற்பவன் நிலை என்னவாகும் என்பதை வெங்காயமும் புகையிலையும் சந்தைக்குக் கொண்டுபோனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குடியானவர்கள் விற்க மறுத்தார்கள். 1937-ன் பிற்பகுதியில் தொடங்கிய மறுப்பு 1938 ஏப்ரல் வரை நீடித்தது. கொக்கோ வீடுகளில் மூடை மூடையாகக் கிடந்தது. அதுமட்டுமா? கம்பெனிக் கடைகளில் விற்ற இறக்குமதிச் சாமான்களையும் வாங்குவதில்லையென்று உறுதி பூண்டார்கள். அரசர்களும் குடிகளும் ஒன்றாய் நின்ற அருமையான காட்சி அது. இறுதியில் இலண்டனிலிருந்து நோவெல் விசாரணைக் குழு வந்தது. கம்பெனிகளின் உடன்படிக்கை தொடரக் கூடாதென்று கருத்துக் கூறியது.

இந்தப் போராட்டத்தைப் பற்றி டன்குவா ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பைக் கவனியுங்கள்: 'பிரசையின் சுதந்திரம்'. கொக்கோ விலையைப் பற்றிய நூலுக்கு ஏன் அத்தகைய தலைப்பு? தன் விளைபொருளை விற்பதும் விற்காமல் வைத்திருப்பதும் ஒருவனுடைய சுதந்திரம். அதில் கைவைக்க அதிகாரிக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பதே அவருடைய கேள்வி. பின்னாளில் சிறைக் கதவின் முன் நின்று அவர் கேட்ட கேள்வியும் இதன் உடன்பிறப்பே.

1946-ல் அவர் சட்டசபை உறுப்பினரானார். மேற்கு ஆபிரிக்கா முழுவதற்கும் நைஜீரியாவில் ஒரே பல்கலைக்கழகக் கல்லூரி போதும் என்று இலண்டன் முடிவுகட்டியிருந்த வேளையில், எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று முன்னின்று வாதாடியவர்களுள் அவர் முக்கியமானவர். 1948-ல் அக்கல்லூரி தோன்றியது. கொக்கோப் பணம் அதற்குக் கைகொடுத்தது. குடியானவன் வியர்வையிலே பல்கலைக்கழகம் எழுந்த செய்தி இது.

இந்தக் காலத்து வழக்கொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1943-ல் நானா ஒபோரி அட்டா காலமானார். அவருடைய அந்தியச் சடங்கின்போது ஒரு சிற்றரசர் கொல்லப்பட்டார் என்று அரச குடும்பத்தைச் சேர்ந்த எண்மர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். டன்குவா தம் உறவினருக்காகப் பிரிவிக் கவுன்சில் வரை மனுமேல் மனுவாகப் போட்டு மூன்று ஆண்டுகள் போராடினார். 1947-ல் மூவர் தூக்கிலிடப்பட்டனர். இதனால் அவரைப் பழித்தவர்கள் உண்டு. தூக்குமேடைக்கும் மனிதனுக்கும் இடையில் சட்டத்தின் கடைசி வாசகம் வரை வைத்துப் பார்ப்பது சட்டத்தரணியின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஆறு பேர்

1947 ஆகஸ்ட் 4-ம் திகதி சால்ட்பொண்ட் என்ற கடற்கரை ஊரில், வர்த்தகர் ஜோர்ஜ் கிரான்டின் தலைமையில் ஐக்கிய பொற்கரை மகாநாட்டுக் கட்சி தோன்றியது. டன்குவா அதன் மூளை. கட்சியின் உறுப்பினர்களோ நியாயவாதிகளும் வர்த்தகர்களும். பகல் முழுவதும் தத்தம் தொழில். முழு நேரமும் உழைக்க ஒரு செயலாளர் தேவைப்பட்டார். ஆக்கோ அட்ஜெய் என்பவர் நிக்ருமாவின் பெயரைச் சொன்னார், டன்குவா அழைத்தார், 1947 டிசம்பரில் நிக்ருமா வந்து சேர்ந்தார்.

இரண்டே மாதத்தில் நாடு பற்றியெரிந்தது. 1948 பெப்ரவரி 28-ம் திகதி, போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் தேசாதிபதியிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகச் சென்றார்கள். பொலிஸ் சுட்டதில் மூவர் மாண்டனர். அக்ராவில் கடைகள் சூறையாடப்பட்டன. விலைவாசி ஒரு காரணம்; குடியானவர் கோபம் மற்றொன்று. கொக்கோ மரத்தில் தண்டுவீக்க நோய் பரவியிருந்தது. அது மாவுப்பூச்சியால் காவப்படும் வைரசு நோய், மருந்து கிடையாது, நோயுற்ற மரத்தைத் தறிப்பதே வழி. அரசாங்கத்தின் ஆட்கள் வந்து, இன்னும் காய் தந்துகொண்டிருந்த மரங்களைக் கட்டாயமாகத் தறித்தார்கள். விஞ்ஞானம் சரியாகவே இருந்தது. ஆனால் உடையவனைக் கேளாமல் அவன் மரத்தில் கோடரி வைத்தால் விஞ்ஞானம் எவன் காதில் ஏறும்?

டன்குவா குடியேற்றநாட்டு மந்திரிக்கு நீண்ட தந்தியொன்று அனுப்பினார். ஆட்சி குலைந்துவிட்டது, பொறுப்பை எங்களிடம் தாருங்கள் என்பது அதன் சாரம். மறுமொழியாக வந்தது கைது. டன்குவா, நிக்ருமா, ஆக்கோ அட்ஜெய், ஒபெட்செபி லாம்ப்டி, எட்வேட் அக்குபோ அடோ, வில்லியம் ஒபோரி அட்டா ஆகிய அறுவரும் தேசாதிபதியின் கட்டளைப்படி விசாரணையின்றி நாட்டின் வடபகுதிக்கு அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். சில வாரங்களில் விடுதலை. இந்த அறுவரின் பெயரையும் மனதில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

அடுத்த ஆண்டிலேயே பிளவு. அரசியல் திட்டம் வகுக்கும் கூசி குழுவில் டன்குவா அமர்ந்து வாசகம் வாசகமாக ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நிக்ருமா வாகனமேறி ஊரூராகச் சென்றார். 1949 ஜூன் 12-ம் திகதி அவர் தனிக்கட்சி தொடங்கினார். 'இப்பொழுதே சுயாட்சி' என்றார் நிக்ருமா. 'கூடிய விரைவில்' என்றனர் டன்குவாவின் கட்சியினர். படிப்பை இடையில் விட்ட இளைஞனுக்கும் சந்தையில் மீன் விற்கும் பெண்ணுக்கும் இவற்றுள் எது புரியும்? 1951 பெப்ரவரித் தேர்தலில் மக்கள் வாக்கால் நிரப்பப்பட்ட 38 இடங்களில் 34 நிக்ருமாவின் கட்சிக்குப் போயின. நிக்ருமா சிறையிலிருந்தபடியே வென்று, சிறையிலிருந்து நேரே அரசாங்கத்தின் தலைமைக்கு வந்தார். டன்குவா தம் ஊர்த் தொகுதியில் ஒருவாறு தேறி, எதிர்க்கட்சி வரிசையின் முன்னணியில் அமர்ந்தார். 1954-ல் அந்த இடமும் போயிற்று; அவரைத் தோற்கடித்தவர் நானா ஒபோரி அட்டாவின் மகன், அவருடைய சொந்தப் பெறாமகன்! 1956-லும் தோல்வி. 1960-ல் ஜனாதிபதித் தேர்தலில் நிக்ருமாவை எதிர்த்து நின்றார். நிக்ருமாவுக்கு 10,16,076 வாக்குகள், டன்குவாவுக்கு 1,24,623. அந்தத் தேர்தல் நேர்மையாக நடந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் 1951-ன் தோல்விக்கு வேறு எவரையும் குறைகூற இடமில்லை. டன்குவா சனங்களுக்காக வாதாடினார். சனங்களோடு பேசப் பழகவில்லை.

ஒரு சட்டமும் ஒரு தீர்ப்பும்

1954-ல் நிக்ருமாவின் அரசாங்கம் கொக்கோவுக்குக் குடியானவன் பெறும் விலையை 60 இறாத்தல் கொண்ட சுமையொன்றுக்கு 72 சிலிங் என்று நான்கு ஆண்டுகளுக்குக் கட்டிவைத்தது. உலகச் சந்தை விலை அதைவிட மிக உயரத்தில் இருந்தது. மிச்சப்பணம் நாட்டின் அபிவிருத்திக்கு என்றார்கள். கொக்கோ விளையும் அசாந்தி நாடு கொதித்தெழுந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் தோன்றியது. அதன் தலைவர் பாபுவர் ஒசேய் அக்கோட்டோ, அசாந்தி மன்னரின் சபையில் மன்னர் வாக்கை எடுத்துரைக்கும் பதவியினர். அடுத்த இரண்டு ஆண்டுகளும் குமாசியில் இரு பக்கத்தாரும் அடிதடியிலும் வெடிவைப்பிலும் இறங்கினர், உயிர்கள் போயின. ஆகையால், புதிய நாடு சிதறிவிடுமோ என்று நிக்ருமா அஞ்சியது வெறும் பாசாங்கு என்று நான் கூறமாட்டேன்.

அந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் 1958-ம் ஆண்டின் தடுப்புக் காவற் சட்டம். அரசின் பாதுகாப்புக்கு ஊறு செய்வாரென்று அரசாங்கம் கருதினால் ஒருவரை ஐந்து ஆண்டுகள் வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். அவ்வாண்டிலேயே எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களான அம்பொன்சா, அப்பாலூ இருவரும் உள்ளே போனார்கள். 1959-ல் அக்கோட்டோவும் வேறு எழுவரும் போனார்கள். அவர்களுக்காக ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் ஏறியவர் டன்குவா.

சட்டத்தரணிகள் சற்றே செவிசாய்க்க வேண்டும். 1960-ம் ஆண்டின் குடியரசு அரசியல் திட்டத்தில் 13-ம் பிரிவு ஒன்றிருந்தது. ஜனாதிபதி பதவியேற்கும்போது சில கொள்கைகளுக்குக் கட்டுப்பட்டவர் என்று பிரகடனம் செய்யவேண்டும். பேச்சுச் சுதந்திரம், தடையின்றி நடமாடும் உரிமை, நீதிமன்றத்தை நாடும் உரிமை ஆகியன எவருக்கும் மறுக்கப்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. டன்குவாவின் வாதம் இதுதான்: இக்கொள்கைகள் அரசியல் திட்டத்திலேயே எழுதப்பட்டவை, அவற்றுக்கு மாறான தடுப்புக் காவற் சட்டம் செல்லாது.

1961 ஆகஸ்ட் 28-ம் திகதி, பிரதம நீதியரசர் கோர்சாவும் வான் லேர், சார்க்கோடி அடோ என்ற இரு நீதியரசர்களும் தீர்ப்பளித்தனர். ஜனாதிபதியின் பிரகடனம் இங்கிலாந்து இராணியார் முடிசூடும்போது செய்யும் சத்தியத்தைப் போன்றது. அது மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமேயன்றிப் பாராளுமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்காது. ஜனாதிபதி அதிலிருந்து வழுவினால் சனங்கள் வாக்குப்பெட்டியில் பரிகாரம் தேடலாம், நீதிமன்றத்தில் அல்ல, என்றனர். காவலில் வைத்த காரணம் நியாயமானதுதானா என்று தேடிப்பார்க்கவும் நீதிமன்றத்துக்கு இடமில்லை என்றனர். அதற்கு ஆதாரமாக நின்றது, உலக யுத்த காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த லிவர்சிட்ஜ் வழக்கு.

அந்த லிவர்சிட்ஜ் வழக்கைப் பற்றி ஒரு குறிப்பு. இலங்கையிலிருந்து பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்று 1951-ம் ஆண்டின் வழக்கறிக்கைகளில் ஏறிய நக்குடா அலி வழக்கை இங்குள்ள நியாயவாதிகள் அறிவர். ஒரு புடைவை வியாபாரியின் அனுமதிப்பத்திரத்தைப் புடைவைக் கட்டுப்பாட்டதிகாரி இரத்துச் செய்த வழக்கு அது. 'நியாயமான காரணம்' என்று சட்டம் சொன்னால் காரணம் உண்மையிலேயே இருக்கவேண்டும். அதிகாரி தன் மனதில் இருக்கிறதென்று சொன்னாற் போதாது. லிவர்சிட்ஜ் தீர்ப்பை எங்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளலாகாது என்று பிரிவிக் கவுன்சில் அங்கே கூறியது. வியாபாரி வேறொரு காரணத்தால் தோற்றுப்போனார், கொள்கை நிலைத்தது. யுத்தகால இங்கிலாந்திலேயே சந்தேகத்துக்கிடமான ஒரு தீர்ப்பு, சமாதான காலத்துக் கானாவிலே மனிதரைப் பூட்டிவைக்கும் திறவுகோலாயிற்று.

நிசாவம் சிறை

தீர்ப்பு வந்து ஐந்து வாரம் கழிந்தது. செக்கொண்டி, தக்கோராடி நகரங்களில் புகையிரத ஊழியரும் துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1961 அக்டோபர் 3-ம் திகதி டன்குவா அதே சட்டத்தின்கீழ்க் கைதானார். 1962 ஜூனில் வெளியே வந்தார். கானாச் சட்டத்தரணிகள் சங்கம் அவரைத் தன் தலைவராகத் தெரிந்தெடுத்தது. 1964 ஜனவரி 2-ம் திகதி ஒரு பொலிஸ் காவலன் நிக்ருமாவை நோக்கிச் சுட்டான். நிக்ருமா தப்பினார், அவருடைய மெய்காவலர் இறந்தார். 8-ம் திகதி டன்குவா மீண்டும் உள்ளே. அவருக்கும் அச்சூட்டுக்கும் தொடர்புண்டென்று எந்த நீதிமன்றத்திலும் எவரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டிய தேவையையே சட்டம் நீக்கிவிட்டதே!

இம்முறை நிசாவம் சிறையில் தனியறை. வயது 68, இருதய நோய். 1964 மே மாதத்தில் அவர் நிக்ருமாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பழைய நாட்களை, 1948-ல் இருவரும் ஒருங்கே காவலிலிருந்த நாட்களை நினைவூட்டி, நாட்டுக்கு ஏதும் செய்ய இயலாமற் கிடப்பதைச் சொல்லி விடுதலை கேட்டார். விடுதலை வரவில்லை. 1965 பெப்ரவரி 4-ம் திகதி மாரடைப்பால் மாண்டார். முப்பதுகளில் அக்ராவிலே பத்திரிகை நடத்தியவரும் அப்பொழுது நைஜீரியாவின் ஜனாதிபதியுமான அசிக்கிவே வெளிப்படையாகக் கண்டித்தார். அந்நிய ஆட்சியின் இடத்தில் சொந்தக் கொடுங்கோலை அமர்த்துவதற்கு இத்தனை பாடுபட்டோமா என்பதே அவர் கூற்றின் பொருள்.

அந்த அறுவர் என்னவானார்கள்? ஒபெட்செபி லாம்ப்டி 1963 ஜனவரியில் காவலிலேயே நோயால் இறந்தார். நிக்ருமாவின் பெயரை முதலிற் சொன்ன ஆக்கோ அட்ஜெய், மந்திரியாயிருந்து, இராசத்துரோக வழக்கில் அகப்பட்டார். 1963 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிக்ருமா அத்தீர்ப்பை ஏற்காமல் பிரதம நீதியரசரைப் பதவி நீக்கினார். நீக்கப்பட்ட பிரதம நீதியரசர் எவரென்று எண்ணுகிறீர்கள்? அக்கோட்டோ வழக்கில் பிரகடனம் வெறும் சத்தியமே என்று தீர்ப்பெழுதிய அதே கோர்சா! அவரோடு அவ்வழக்கை விசாரித்த அக்குபோ அடோவும், அறுவரில் ஒருவர், 1964-ல் நீதியரசர் பதவியை இழந்தார். வில்லியம் ஒபோரி அட்டாவும் தடுப்புக் காவலின் சுவையை அறிந்தார். நிக்ருமாவை 1966 பெப்ரவரி 24-ம் திகதி இராணுவமும் பொலிசும் கவிழ்த்தன; கினியில் அடைக்கலம் புகுந்த அவர் 1972-ல் அந்நிய மண்ணிலே காலமானார். சிறைக் கதவைத் திறந்து கைதிகளை விடுவித்த இராணுவம், நிக்ருமாவின் ஆட்களை வேறொரு கட்டளையின்கீழ் விசாரணையின்றி உள்ளே தள்ளியதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பூட்டு மாறவில்லை, அறையிலிருந்தவர் மாறினார்.

டன்குவா தோற்ற வழக்கின் முடிவு அதற்குப் பிறகே வந்தது. புதிய அரசியல் திட்டத்துக்கு ஆலோசனை வகுத்த குழுவின் தலைவர் அக்குபோ அடோ. 1969-ம் ஆண்டின் திட்டத்தில் தனிமனித உரிமைகள் சத்தியப் பிரமாணத்தில் அல்லாது, நீதிமன்றம் நிறைவேற்றிவைக்கக்கூடிய சட்டமாகவே எழுதப்பட்டன. இராணுவப் புரட்சிகள் அதனையும் அடித்துச் சென்றன. 1992-ம் ஆண்டின் திட்டத்திலே அவை மீண்டும் இடம்பெற்றன. ஒரு கட்சி ஆட்சியை நிறுவப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற வாசகமும் சேர்ந்தது. 1993-ல் ஓர் எதிர்க்கட்சி, ஊர்வலம் போகப் பொலிசின் அனுமதி வேண்டுமென்ற பழைய சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. கானாவின் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. 1961-ல் டன்குவா நின்று கேட்டதும் இத்தகைய ஒரு தீர்ப்பையே.

அக்ராவில் ஒரு சந்திக்கு இன்று அவர் பெயர். நிக்ருமாவுக்கும் ஒரு சந்தி உண்டு. பெரிய நினைவாலயமும் உண்டு. நாட்டைத் தாபித்தவர் ஒருவரா பலரா என்ற வழக்கு மட்டும் அங்கே இன்னும் தீரவில்லை. டன்குவாவின் தமையனாருடைய மகள் வழிப் பேரனும் அக்குபோ அடோவின் மகனுமான நானா அக்குபோ அடோ ஜனாதிபதியாயிருந்த 2019-ல், கட்சி தோன்றிய ஆகஸ்ட் 4-ம் திகதி தாபகர்கள் தினமாகவும், நிக்ருமா பிறந்த செப்டெம்பர் 21-ம் திகதி அவருடைய ஞாபகார்த்த தினமாகவும் சட்டமாயின. ஒருமையா பன்மையா என்ற அந்த ஓரெழுத்து வாதத்தில் இரு பக்கத்திலும் சட்டத்தரணிகளே முன்னிற்கிறார்கள் என்று கேள்வி.